மரத்தோப்பில் குறை தெரிந்தால்: அடி பத்தடியைக் காப்பாற்றும் வழிமுறை

எங்கள் நிலம் பண்ருட்டிப் பக்கம், செம்மண், மூன்று ஏக்கர். 2011 டிசம்பர் 30 அன்று காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியபோது எங்கள் முந்திரி மொத்தமும் வேரோடு போனது. அடுத்த புரட்டாசியில் அதே இடத்தில் தேக்கும் மகோகனியும் வைத்தோம். வரப்பில் வேங்கை, குமிழ், கொஞ்சம் சந்தனம். அன்றிலிருந்து தோப்புக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். இலை சல்லடையாகிவிட்டதே, உச்சி காய்கிறதே, உயரம் போகிறது ஆனால் பருக்கவில்லையே, சாய்ந்த மரத்தைத் தூக்கி நிறுத்தலாமா என்று.

அதனால் கண்ணுக்குத் தெரியும் குறியை வைத்தே எழுதுகிறேன். உங்கள் தோப்பில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்து வரும் கணக்கை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எந்தக் குறி என்றாலும் முதலில் கேட்க வேண்டியது

விலை மரத்தில் சொத்து என்பது தரையிலிருந்து முதல் பத்தடிதான். மரவாடியில் உருட்டுக்கட்டையை அளக்கும் முறையைப் பாருங்கள். கட்டையின் நடுவில் சுற்றளவை இஞ்சில் எடுப்பார்கள். அதை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் வைத்துப் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கன அடி. சுற்றளவு 40 இஞ்ச், நீளம் 10 அடி என்றால் கிட்டத்தட்ட 7 கன அடி வரும். அதே நீளத்தில் சுற்றளவு 20 இஞ்சாக இருந்தால் 1.75 கன அடிகூட முழுசாக வராது. சுற்றளவு பாதியானால் மரம் கால்வாசியாகிவிடுகிறது. ஒல்லி மரம் நாலு சேர்ந்தால்தான் பருத்த மரம் ஒன்று. அதோடு ஒல்லிக் கட்டைக்குக் கன அடி விலையும் குறைவு.

ஆகவே எந்தக் குறையைக் கண்டாலும் கேட்க வேண்டியது இதுதான்: இது அடி பத்தடியைத் தொடுகிறதா? தொட்டால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். தொடாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். பயமுறுத்துகிற மாதிரி தெரியும் பல குறைகள் மரத்துக்கு ஒன்றும் செய்வதில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத சில குறைகள் பதினைந்து வருட உழைப்பைத் தின்றுவிடுகின்றன.

நட்ட கன்று முதல் கோடையிலேயே காய்கிறது

கன்றை லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் வேரைப் பார்க்கவும். வேர்ப்பட்டை சுரண்டப்பட்டு மண் அப்பியிருந்தால் கரையான். வேரே இல்லாமல் மொட்டையாக, குழிமண்ணில் ‘ட’ போலச் சுருண்ட வெள்ளைப் புழு கிடந்தால் அது வேர்ப்புழு. மக்காத சாணியைக் குழியில் கொட்டியதால்தான் பெரும்பாலும் இரண்டும் வருகின்றன. நன்றாக மக்கிய எருவோடு குழிக்கு அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து மறுநடவு செய்யுங்கள்.

இழுத்தால் வரவில்லையா? தண்டின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தேக்காக இருந்தால் மேலே முழுக்கக் காய்ந்துபோனாலும் கவலை வேண்டாம். மழைக்கு முன் தரையிலிருந்து இரண்டு இஞ்ச் விட்டுச் சாய்வாக வெட்டிவிடுங்கள். ஐந்தாறு துளிர் வரும். அவை ஒரு முழம் ஆனதும் நேராக, திடமாக இருக்கும் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடவும். வேர் ஏற்கெனவே பழையதென்பதால் இந்தப் புதுத்துளிர் ஒரே பருவத்தில் முந்தைய கன்றை மிஞ்சும். கோணலாக, குட்டையாக நின்றுவிட்ட இரண்டு வயதுத் தேக்குக்கும் இதே வைத்தியம்தான். மனசு வராது. ஆனாலும் செய்யுங்கள்.

மகோகனி குருத்து வாடித் தொங்குகிறது, பிறகு மரம் இரண்டாகப் பிரிந்து கவை விடுகிறது

நம் பக்கம் மகோகனி வைத்த அத்தனை பேரும் சந்திக்கும் தொல்லை இது. காலையில் நன்றாக இருந்த உச்சிக்கொழுந்து இரண்டே நாளில் கழுத்தொடிந்தது போலத் தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துச் சொட்டுநீரைக் கூட்டுவார்கள். தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வாடிய இடத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டி, அந்தத் துண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். தண்டின் நடுச்சோறு இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பாகப் பிசுபிசுத்த தூள் அடைத்திருக்கும். அதைக் குச்சியால் தள்ளினால் ஒரு புழு நெளியும். முற்றிய புழுவின் உடம்பில் நீலச்சாயல் தெரியும். அதுதான் குருத்துத் துளைப்பான். இரவில் பறக்கும் அந்துப்பூச்சி இளங்கொழுந்திலோ இலைக்காம்புக்குப் பக்கத்திலோ முட்டை வைக்கும். புழு பொரித்ததும் உள்ளே இறங்கிவிடும். உள்ளே போனபின் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. வீண் செலவு.

குருத்து போவது தானாகப் பெரிய நட்டமில்லை. நட்டம் அதற்கப்புறம் வருகிறது. உச்சி போன மரம் பக்கத்திலிருந்து மூன்று நாலு துளிரை ஒரே நேரத்தில் தள்ளும். யாரும் கவனிக்காவிட்டால் அவை எல்லாமே தலைவனாகப் பார்க்கும். ஆறடி உயரத்தில் கவை, ஒன்பதடியில் மறுபடி கவை. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் நிழல் மரமாக இருக்கும், பலகை மரமாக இருக்காது.

செய்ய வேண்டியது இது. துளை முடியும் இடத்துக்குக் கீழே நல்ல தண்டு தெரியும்வரை வெட்டி, வெட்டியதைத் தோப்பிலேயே போடாமல் எரித்துவிடுங்கள். மூன்று நாலு வாரத்தில் துளிர்கள் வரும். விரல் நீளம் ஆகும்வரை எதையும் தொடாதீர்கள், ஏனென்றால் அவற்றில் ஒன்றிரண்டைப் புழு மறுபடி பிடிக்கக்கூடும். பிறகு செங்குத்தாகப் போகும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை நீக்குங்கள். தேர்ந்தெடுத்ததைத் தண்டோடு சேர்த்துக் கட்டிய மூங்கில் குச்சியில் தளர்வாகக் கட்டிவிட்டால் இரண்டு மாதத்தில் வளைவு மறைந்துவிடும். எங்கள் மரம் ஒன்றுக்கு இதை ஐந்து முறை செய்தேன். இன்று அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் எங்கே வெட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மரம் பதினைந்து, இருபது அடி தாண்டும்வரைதான் இந்தப் பாடு. அதற்கு மேல் உச்சியில் புழு விழுந்தாலும் விட்டுவிடலாம், அடி பத்தடி தப்பித்துவிட்டது. மொத்தத்தில் முதல் மூன்று நாலு வருடம் மாதம் ஒருமுறை தோப்பைச் சுற்றி அண்ணாந்து பார்க்கும் வேலை.

புழு வருவதைக் குறைக்க இரண்டு விஷயம் எனக்குக் கைகொடுத்தன. ஒன்று, மகோகனியைத் தனித்தோப்பாக வைக்காமல் நடுநடுவே அகத்தி, துவரை விதைத்தது. பக்கத்தில் நிழல் இருந்தால் கன்று வெளிச்சம் தேடி நேராகப் போகும், பூச்சிக்கும் கொழுந்து சட்டென்று அகப்படாது. இன்னொன்று, யூரியாவை நிறுத்தியது. தழைச்சத்து கூடினால் தளதளவென்று வரும் கொழுந்துதான் அந்தப் புழுவுக்கு விருந்து.

ஏற்கெனவே கவை விட்டு முற்றிய மரம் இருந்தால்: கவை பத்தடிக்கு மேலே என்றால் விட்டுவிடுங்கள். கீழே என்றால் இரண்டில் இளைத்ததை இந்த வருடம் பாதியாகக் குறைத்து, அடுத்த வருடம் முழுசாக எடுங்கள். ஒரேயடியாக எடுத்தால் காயம் பெரிதாகி உள்ளே அழுகல் இறங்கும். இரண்டும் தொடையளவு பருத்துவிட்டால், நெருக்கம் குறைக்க மரம் எடுக்கும் முதல் கலைப்பில் அந்த மரத்துக்குக் குறி போட்டுவிடுங்கள்.

உயரம் போகிறது, பருமன் வரவில்லை

முதலில் அது உண்மையா என்று அளந்து பாருங்கள். நாலரை அடி உயரத்தில், அதாவது மார்பளவில், பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஒவ்வொரு தை மாதமும் அதே கோட்டில் டேப் வைத்து எழுதி வைக்கவும். இருபது மரம் போதும். கண்ணால் பார்த்துப் பருத்திருக்கிறது, பருக்கவில்லை என்று சொல்வதை நான் நம்புவதில்லை.

சுற்றளவு ஏறும் வேகம் இரண்டு வருடம் தொடர்ந்து குறைந்தால் நடுத்தோப்பில் நின்று மேலே பாருங்கள். கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வானம் தெரியவில்லையா? பச்சைத் தழை மரத்தின் உச்சி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் இருக்கிறதா? அப்படியானால் கலைக்க வேண்டிய நேரம் வந்து போய்விட்டது. தழைதான் தண்டைப் பருக்க வைக்கிறது. தழை விரிய இடமில்லாத மரம் வெளிச்சத்துக்காக உயரத்தில் மட்டும் ஓடும்.

பத்துக்குப் பத்து அடியில் வைத்தால் ஏக்கருக்கு 435 மரம். அத்தனையும் கடைசிவரை நிற்க முடியாது. ஐந்தாம் ஆறாம் வருடத்தில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதிவரை எடுக்க வேண்டும். பத்தாம் வருட வாக்கில் மறுபடியும். கடைசி அறுப்புக்கு ஏக்கருக்கு 100 மரம் நின்றால் போதும். சுற்றளவு இரட்டிப்பானால் கன அடி நாலு மடங்கு என்ற கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். வியாபாரி வந்தால் பருத்ததைத்தான் கேட்பார், கைநிறையப் பணமும் கொடுப்பார். பருத்ததை விற்றுவிட்டு நோஞ்சானை விட்டால் அது பருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல வருடம் அமுங்கிக் கிடந்த மரம் இடம் கிடைத்தாலும் சுலபத்தில் எழும்புவதில்லை. கோணல், கவை, துளை விழுந்தது, அமுங்கியது என்ற வரிசையில் குறி போடுங்கள். அப்புறம் நல்ல மரம் இரண்டு ஒட்டி நின்றால் அதில் ஒன்று. அண்ணன் தம்பி நிலத்தில் ஒருவர் குறி போட்டு, இன்னொருவர் மறுநாள் போய்ச் சரிபார்த்தால் நல்லது. நட்டவனுக்குத் தன் மரத்தை வெட்டக் கை நடுங்கும். என் மரத்துக்கு என் மைத்துனர்தான் குறி போட்டார்.

எடுத்த மரம் வீணல்ல. ஐந்து வருடத் தேக்கு பந்தல் காலுக்கும் கொட்டகைக்கும் போகும். தேக்கு மூட்டிலிருந்து மறுபடி துளிர்க்கும், நிற்கும் மரத்தோடு போட்டியிடாமல் அவ்வப்போது உடைத்துவிடவும்.

இடைவெளி போதுமான அளவு இருந்தும் பருக்கவில்லை என்றால் மண்ணைச் சோதிக்கக் கொடுங்கள். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் பல இடங்களில் புளிப்பாகவும் சத்து குறைந்தும் இருக்கிறது. தேக்கு சுண்ணாம்புச்சத்தை விரும்பும் மரம். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ, புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண் பரிசோதனை பற்றிக் கேட்கலாம். கார அமில நிலை (pH) 6-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இடுவது பற்றிக் கேளுங்கள். அளவை அவர்கள் சொல்லட்டும்.

தண்டு நெடுகப் போத்து வெடிக்கிறது, கவாத்து செய்த இடம் ஆறவில்லை

தேக்குத் தண்டில் கீழிருந்து மேல்வரை குட்டிக் குட்டியாகத் துளிர் வந்தால் மரம் திடுக்கிட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று, ஒரே தடவையில் கிளையை அதிகமாகக் கழித்திருப்பீர்கள். இல்லாவிட்டால் நெருக்கத்தில் நின்ற மரத்தை ஒரே நாளில் வெயிலில் தனியாக விட்டிருப்பீர்கள். போத்து இளசாக இருக்கும்போது கையால் தேய்த்தாலே விழுந்துவிடும். கட்டையாக விட்டால் ஒவ்வொன்றும் பலகையில் ஒரு முடிச்சு. அடுத்த முறை கழிக்கும்போது தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாதீர்கள். மரத்தின் உயரத்தில் மேல்பாதியாவது தழையோடு இருக்கட்டும்.

ஆறாத காயத்துக்குக் காரணம் பெரும்பாலும் அரிவாள். கிளையை அரிவாளால் கொத்தினால் ஒரு முளை நீட்டிக்கொண்டு நிற்கும், அல்லது பட்டை உரிந்து கீழே இறங்கும். நீட்டிய முளை செத்து, அதைச் சுற்றி மரம் வளர்ந்து, அறுக்கும்போது பலகையிலிருந்து கழன்று விழும் ஓட்டையாகிறது. கைரம்பம் வாங்குங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டை போல ஒரு மேடு தெரியும். அந்த மேட்டைத் தொடாமல், அதை ஒட்டி அறுக்க வேண்டும். முதலில் அடிப்பக்கத்தில் கால்வாசி அறுத்துவிட்டு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. கிளை கட்டைவிரல் பருமனில் இருக்கும்போதே எடுத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் மூடிக்கொள்ளும். மணிக்கட்டுப் பருமன் ஆனபிறகு எடுத்தால் காயம் மூட வருடக்கணக்காகும். தேக்குக்குத் தை, மாசியில் இலை உதிர்ந்து நிற்கும் நேரம் தோது.

தேக்கு இலை சல்லடையாகிவிட்டது

இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பச்சையம் மட்டும் சுரண்டப்பட்டு நரம்பு வலைபோல மிஞ்சியிருந்தால் அது இலைச்சல்லடைப் புழு. பருவத்தின் பின்பாதியில் வரும். தோப்பே தீய்ந்தது போலத் தெரியும். எப்படியும் உதிரப் போகிற இலை அது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

நரம்பையும் விடாமல் முழு இலையையும் தின்று காம்போடு நிறுத்தியிருந்தால் அது வேறு புழு, இலைதின்னிப் புழு. மழைக்குப் பின் புதுத்தழை வரும்போது படையாக வரும். கேரளத்தின் நிலம்பூரில் இளந்தேக்குத் தோப்புகளில் செய்த ஆய்வில், இந்தப் புழுவால் மரம் வைத்திருக்க வேண்டிய கன அளவு வளர்ச்சியில் 44 சதவீதம் போனதாகக் கண்டார்கள். சல்லடைப் புழுவால் அப்படிச் சொல்லும்படி நட்டம் இல்லை என்றும் தெரிந்தது. ஆகவே எந்தப் புழு என்று பார்க்காமல் மருந்தடிக்காதீர்கள். மூன்று வயதுக்குக் கீழே, கை எட்டும் உயரத்தில் இலைதின்னி வந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில் தெளிக்கலாம். உச்சி மொட்டு கடிபட்டால் கவை வரும், மகோகனிக்குச் சொன்னது போல ஒன்றை மட்டும் விடுங்கள். பெரிய மரத்துக்குத் தெளிப்பது நடக்காத காரியம். மைனாவும் கரிச்சான் குருவியும் வந்து உட்கார்ந்தால் அவற்றின் வேலையை அவை செய்யட்டும்.

இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் ஒட்டினால் துருநோய். நாற்றங்காலில்தான் அது கவலைக்குரியது.

மழை முடிந்ததும் ஒரு பகுதி மட்டும் மஞ்சளடிக்கிறது

கார்த்திகையில் எந்த இடத்தில் தண்ணீர் நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மஞ்சள் அந்தக் கோட்டிலேயே இருக்கும். அங்கே இரண்டடி தோண்டி மண்ணை முகர்ந்தால் சேற்று நாற்றமும், சாம்பல் நிறமும் தெரியும். தேக்குக்கு ஈரக்கால் ஆகாது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண்ணிலும், குறிஞ்சிப்பாடியில் பெருமாள் ஏரியை ஒட்டிய தாழ்வுகளிலும் தேக்குத் தோப்பு வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வடிகால் வெட்ட முடிந்தால் வெட்டுங்கள். முடியாவிட்டால் அந்தப் பகுதியை நீர்மருது, பூவரசு, புங்கனுக்கு விட்டுவிடுங்கள். நல்ல பூவரசுக் கட்டைக்கு ஆசாரிகளிடம் எப்போதும் மதிப்பு உண்டு.

புயலுக்குப் பின் மரம் சாய்ந்து நிற்கிறது

நம் கரையில் இதை எழுதாமல் எந்த மரவளர்ப்புப் பேச்சும் முழுமையாகாது. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது என் தோப்பில் பதினொரு மகோகனி விழுந்தன. எட்டு வயது மரங்கள். காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட முறியவில்லை, எல்லாம் அடியோடு புரண்டிருந்தன. ஒரு மரத்தின் அடிவேரைக் கழுவிப் பார்த்தேன். வேர் பக்கவாட்டில் ஓடவே இல்லை. ஒரு சொம்பு அளவுக்குள் கயிறுபோலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, ஒரு வேர் இன்னொன்றை நெரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சொம்பின் வடிவம் எட்டு வருடத்துக்கு முன் கன்று இருந்த பிளாஸ்டிக் பையின் வடிவம். நாற்றங்காலில் பையிலேயே வயது முற்றிய கன்று. உயரமாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு நான் வாங்கி வந்தது. மேலே எட்டு வருடம் செழித்த மரத்துக்குக் கீழே பிடிமானமே இல்லை. அந்த வேரை அன்று கையில் பிடித்துப் பார்த்தபின் கன்று வாங்கும் இடத்தில் நான் உயரம் பார்ப்பதில்லை. ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல்கிறேன். வேர் அடியில் சுருண்டிருந்தால் வாங்குவதில்லை. லேசாகச் சுற்றியிருந்தால் நடும்போது அடிச்சுருளை வெட்டி, பக்கங்களில் பிளேடால் இரண்டு கீறல் போட்டு நடுகிறேன்.

இரண்டாவது காரணம் சொட்டுநீர். சொட்டான் கடைசிவரை தண்டை ஒட்டியே இருந்தால் வேர் அங்கேயே கூடாரம் போடும். வருடத்துக்கு ஒரு அடியாவது வெளியே தள்ளுங்கள். தினமும் கொஞ்சம் விடுவதை விட, நாள் இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால் வேர் கீழே இறங்கும். மூன்று வருடத்துக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

சாய்ந்ததை என்ன செய்வது? மூன்று வயதுக்குள் என்றால், மண் ஈரமாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாளில் நிமிர்த்துங்கள். தூக்கும் பக்கத்து வேருக்கு அடியில் மண்ணை எடுத்துவிட்டு, மெதுவாக இழுத்து, மண்ணை மிதித்து இறுக்கி, மூன்று பக்கமும் கயிறு கட்டவும். கயிறு படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பட்டை அறுந்துவிடும். தழையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கவும். ஒரு வருடத்துக்குள் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் ஆடினால்தான் வேர் கெட்டிப்படும்.

பெரிய மரம் சாய்ந்திருந்தால், வேர்த்தட்டு ஒரு பக்கம் மேலெழும்பியிருந்தால் நிமிர்த்துவதில் பயனில்லை. பொக்லைன் வைத்துத் தூக்கிப் பல மரம் அடுத்த மழையில் மறுபடி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். சாய்ந்தபடியே உயிரோடு விட்டாலும் தண்டு ஒரு பக்கம் மட்டும் இறுகிப் பருக்கும். அறுத்தால் பலகை முறுக்கிக்கொள்ளும். கிடைத்த விலைக்கு அந்தப் பருவத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. ஆனால் புயல் முடிந்த வாரத்திலேயே விற்காதீர்கள். எல்லாருடைய மரமும் ஒன்றாக விழுந்திருக்கும், வியாபாரி சொன்னதுதான் விலை. கட்டையை நிழலில் அடுக்கிவிட்டு ஒன்றிரண்டு மாதம் பொறுக்கலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது காற்று தானே புயல் அளவுக்கு இல்லை. ஆனால் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு ஊறிய மண்ணில் சாதாரணக் காற்றே மரத்தைப் புரட்டும். வடிகால் வெட்டுவது புயலுக்கும் சேர்த்துத்தான்.

காற்றுத் தடுப்புக்குக் கடல் பக்கத்து ஓரத்தில் சவுக்கு மூன்று வரிசை போடுங்கள். நாலைந்து வருடத்தில் அதுவே வருமானம் தரும். ஆனால் மூன்று வரிசையையும் ஒரே வருடத்தில் வெட்டக் கூடாது. ஒன்றை வெட்டி நட்டு, அது தோளுயரம் வந்தபின் அடுத்தது. தானே புயலின்போது ஆரோவில்லில் மண்ணை மீட்க முதலில் வைத்த கத்திச்சவுக்கு (இது சவுக்கு அல்ல, அகேசியா வகை மரம்) ஏராளமாக விழுந்தது. வேகமாக வளரும் மரத்தை மட்டுமே நம்பிய தோப்பு நம் கரையில் ஆபத்து. தோப்புக்குள் நாலைந்து வகை இருக்கட்டும்.

பட்டையில் தூள், துளை, மண் பூச்சு

இதில் மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தண்டில் மண் அப்பியிருந்தால் கரையான். தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். அடியில் பட்டை பச்சையாக, கெட்டியாக இருந்தால் அது செத்த மேல்பட்டையைத்தான் தின்றிருக்கிறது. மரத்துக்கு ஒன்றுமில்லை.

கிளைக் கவட்டில் பட்டும் புழுக்கையும் கலந்த ரிப்பன் போன்ற படை தொங்கினால் பட்டைப்புழு. சவுக்கிலும் முருங்கையிலும் பார்த்திருப்பீர்கள். ரிப்பனைத் துடைத்தால் ஒரு துளை தெரியும். கம்பியை விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் மூடவும்.

தண்டின் கீழ்ப்பகுதியில் துளை, அதிலிருந்து மரத்தூள் தரையில் குவிகிறது என்றால் அதுதான் உண்மையான ஆபத்து. அடி பத்தடிக்குள் புழு நுழைந்துவிட்டது. அரிவாளால் அடிபட்ட இடம், உழும்போது டிராக்டர் உரசிய இடம், சரியாக ஆறாத கவாத்துக் காயம், இப்படி ஏதோ ஒரு வாசல் வழியாகத்தான் பெரும்பாலும் வரும். கம்பி விட்டுப் பார்த்து முடியாவிட்டால் அந்த மரத்தைக் கலைத்துவிடுங்கள். முந்திரித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அங்கே தண்டுத் துளைப்பானால் செத்த முந்திரியை அப்படியே நிற்க விடாதீர்கள் என்று பக்கத்து நிலத்துக்காரரிடமும் சொல்லுங்கள். முந்திரிக்கு முந்திரி பரவுவதாவது நிற்கும்.

சந்தனம் வெளிறி நிற்கிறது

பக்கத்தில் துணைமரம் இருக்கிறதா பாருங்கள். சந்தனம் தன் வேரைப் பிற செடியின் வேரோடு இணைத்து நீரும் சத்தும் எடுக்கும் பாதி ஒட்டுண்ணி. கன்றில் துவரையும், பிறகு அகத்தியும், நிரந்தரத்துக்கு ஐந்தாறு அடி தள்ளிச் சவுக்கோ புங்கனோ வேண்டும். சுத்தமாகக் களை எடுத்து அழகாக வைத்திருக்கும் சந்தனத் தோட்டம்தான் முதலில் வெளிறும். துணைமரம் மேலே மூடி நிழல் கட்டினால் அதைக் கழித்துவிடுங்கள்.

வெட்டிப் பார்த்தால் வைரமே (நடுவில் முற்றிய கட்டையே) இல்லை

எட்டு வயதுத் தேக்கை வெட்டி, நடுவில் சின்ன வட்டம் மட்டும் பழுப்பு, சுற்றிலும் வெள்ளை என்று கவலைப்படுகிறவர்கள் நிறைய. அது நோயல்ல, வயது. வெள்ளைக்கட்டையில் கரையானும் வண்டும் ஏறும், ஆசாரி அதைச் செதுக்கி எறிவார். ஒரு மரத்தை வெட்டிப் பார்த்துவிட்டீர்கள், சரி, மற்றதை நிறுத்தி வையுங்கள். பருக்கும் ஒவ்வொரு இஞ்சும் இனி உள்ளே வைரமாக மாறிக்கொண்டே வரும். சந்தனத்திலும் செம்மரத்திலும் இது இன்னும் தாமதம். வைரம் வந்ததா என்று வருடாவருடம் துளை போட்டுப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள், அந்தத் துளைதான் பூஞ்சைக்கு வாசல்.

வாங்க ஆள் வந்தாயிற்று, காகிதம் இல்லை

நட்ட வருடமே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, அவர் எழுதும் சாகுபடிக் கணக்கான அடங்கலில் மர வகையும் எண்ணிக்கையும் ஏற்றிவிடுங்கள். பத்து வருடம் கழித்து இது என் பட்டா மரம் என்று நிரூபிக்க அதைவிட நல்ல சான்று இல்லை. தேக்கு, சந்தனம், செம்மரம் போன்றவற்றை வெட்டி ஏற்ற வனத்துறையின் நடைமுறை உண்டு. சந்தனத்தை வனத்துறைக்குத் தெரியாமல் வெட்டவோ விற்கவோ கூடாது. பாகூர்ப் பக்கத்தவர்களுக்கு இன்னொரு சங்கதி. உங்கள் கட்டை நாலு கிலோமீட்டர் போனாலே புதுச்சேரி எல்லையைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்துக்குள் வந்துவிடும். எந்தப் பக்கத்து அனுமதி வேண்டும் என்று லாரி பேசுவதற்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டிய கட்டை முனையில் வெடிக்கிறது

வெட்டுமுனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதால் வருவது இது. வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் மெழுகோ கெட்டியான பெயிண்டோ பூசுங்கள். எதுவும் இல்லாவிட்டால் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பலாம். தரையில் போடாமல் குறுக்குக்கட்டை மேல் நிழலில் அடுக்கி வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வெட்டாமல் தை, மாசியில் வெட்டினால் வெடிப்பு பாதியாகக் குறைவதை நானே பார்த்தேன். தேவையான நீளத்தைவிட அரை அடி கூட்டி அறுக்கச் சொல்லுங்கள். முனையில் கொஞ்சம் வெடித்தாலும் பத்தடி பத்தடியாகவே கிடைக்கும்.